மகளின் ஆராய்ச்சிக்குப் பணம் தருவது அரசாங்கமும் இல்லை, கம்பெனியும் இல்லையாம். அப்படியென்றால் யார்?

பிறை_அப்பா:

வணக்கம். நான் பினாங்கு, பிறையில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். பல்கலைக்கழகம், ஆராய்ச்சி எல்லாம் எனக்குப் பழக்கமில்லாத உலகம். கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் பினாங்கில்தான் பிஎச்டி முடித்தாள். கொசு, டிங்கி சம்பந்தமான படிப்பு. இப்போது ஒரு விரிவுரையாளருக்குக் கீழே ஒப்பந்த வேலை, அடுத்த வருடம் நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று ஒவ்வொரு டிசம்பரிலும் வீட்டில் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். இப்போது லண்டனில் இருக்கிற வெல்கம் என்ற அறவாரியத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம். கிடைத்தால் 5 வருடம் போல சம்பளம், அது போக ஆய்வுச் செலவுக்கு 4 லட்சம் பவுண்டு வரை கேட்கலாம் என்கிறாள். மலேசிய வெள்ளியில் போட்டால் 2 மில்லியனைத் தாண்டுகிறது. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

பிரிட்டிஷ் அரசாங்கமா என்று கேட்டால் இல்லை என்கிறாள். மருந்து கம்பெனியா என்றால் அதுவும் இல்லையாம், 'சுதந்திரமான அறவாரியம் ப்பா' என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திருப்பிக்கொள்கிறாள். எந்த லாபமும் இல்லாமல் லண்டனில் இருக்கிறவன் பினாங்கில் இருக்கிற பிள்ளைக்கு எதற்காகக் கொடுக்கிறான்? அவள் ஏதாவது கண்டுபிடித்தால் அது யாருக்குச் சொந்தம்? பணம் அவள் வங்கிக் கணக்குக்கே வருமா? ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பிடிப்பார்களா? பாதியில் கையை விரித்துவிட்டால் என்ன செய்வது? மக்காவ் ஸ்கேம் என்கிற ஃபோன் மோசடிச் செய்தியை வாரா வாரம் படிக்கிற வயசு என்னுடையது. மனசு முதலில் அங்கேதான் போகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


லேப்கோட்_கேஎல்:

அங்கிள், முதலில் ஸ்கேம் பயத்தை விடுங்கள். ஸ்கேம்காரன் உங்களைத் தேடி வருவான், முன்பணம் கேட்பான். இங்கே உங்கள் மகள்தான் அவர்களைத் தேடிப் போகிறாள், அவர்கள் பல மாதம் கழித்துப் பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் சொல்வார்கள். நானும் கேஎல்-இல் (கோலாலம்பூர்) ஒரு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன், வெல்கம் பணத்தில் இல்லை, ஆனால் இந்த மாதிரி விண்ணப்பங்கள் எழுதியே விரல் தேய்ந்தவள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. ஹென்றி வெல்கம் என்று ஒருவர், அமெரிக்காவில் பிறந்து லண்டனில் மருந்து வியாபாரம் செய்து பெரும் பணக்காரர் ஆனவர். 1936-இல் இறந்தார். தன் கம்பெனியின் பங்குகளை அறங்காவலர்கள் கையில் ஒப்படைத்து, வருகிற வருமானத்தை மருத்துவ ஆராய்ச்சிக்குச் செலவழிக்க வேண்டும் என்று உயில் எழுதிவிட்டுப் போனார். அதாவது ஐம்பது வருடம் வரை உங்கள் சந்தேகம் நியாயமானதுதான், அறவாரியத்தின் சொத்தே ஒரு மருந்து கம்பெனிதான். பிறகு 1986-இல் கொஞ்சம் பங்கை விற்றார்கள், 1992-இல் இன்னும் கொஞ்சம், 1995-இல் மீதி கிளாக்ஸோ என்ற மருந்து கம்பெனிக்குப் போனது. விற்ற பணத்தை உலகம் முழுக்கப் பங்குகளிலும் சொத்துகளிலும் பிரித்துப் போட்டார்கள். இன்று அது 37 பில்லியன் பவுண்டு அளவில் இருக்கிறது. பட்டர்வொர்த்தில் ஒரு பெரியவர் கடைவீட்டை எழுதிவைத்து, வாடகையில் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினால் எப்படியோ, அப்படித்தான். முதல் அப்படியே இருக்கும், அது ஈட்டுவதில் ஆராய்ச்சி நடக்கும். 2022-இலிருந்து பத்து வருடத்தில் 16 பில்லியன் பவுண்டு செலவழிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சுதந்திரம் என்று உங்கள் மகள் சொன்னது இதைத்தான். அடுத்த வருட பட்ஜெட்டுக்காக நாடாளுமன்றத்தைப் பார்க்க வேண்டியதில்லை, நன்கொடையாளர் முகம் சுளிப்பாரா என்று பயப்பட வேண்டியதில்லை, கொடுத்தவர் இறந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அதனால் சில நேரம் அரசாங்கங்கள் தயங்குகிற இடத்தில் இவர்கள் சட்டென்று முடிவு எடுக்க முடியும். 1998-இல் மனித மரபணு வரிசையை ஒரு தனியார் கம்பெனி தனக்காக முதலில் முடிக்கப் போவதாக அறிவித்தபோது, கேம்பிரிட்ஜ் பக்கத்தில் இருக்கிற சாங்கர் மையத்துக்கு வெல்கம் நிதியை உயர்த்தியது. கடைசியில் அந்த வரிசையில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரே மையத்தில் படிக்கப்பட்டது, முடிவுகள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியானது.

பினாங்குக்கு ஏன் என்று கேட்டீர்கள். டிங்கி பினாங்கில்தானே இருக்கிறது, லண்டனில் இல்லையே! கொஞ்சம் சீரியஸாகவே சொல்கிறேன். வொல்பாக்கியா கொசுவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வொல்பாக்கியா என்பது பூச்சிகளுக்குள் இயற்கையாக வாழ்கிற ஒரு பாக்டீரியா, அதை ஏடிஸ் கொசுவுக்குள் ஏற்றிவிட்டால் கொசுவுக்குள் டிங்கிக் கிருமி சரியாகப் பெருகாது. தாய்க் கொசுவிடமிருந்து முட்டைக்கும் போய்விடும். கேஎல்-இல் 1900-இலிருந்து இருக்கிற மருத்துவ ஆய்வுக் கழகம், ஐஎம்ஆர், மெல்பர்ன், கிளாஸ்கோ பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஷா ஆலம், மெந்தாரி கோர்ட், ஏயூ2 மாதிரி இடங்களில் இந்தக் கொசுக்களை விட்டது. நம் ஊர் வெயிலில் வேறு ரகம் தாக்குப்பிடிக்காது என்று சூடு தாங்குகிற ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 2019-இல் வெளியான ஆய்வு முடிவுப்படி கொசு விட்ட இடங்களில் டிங்கி சுமார் 40 சதவீதம் குறைந்தது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களில் வெல்கம் உண்டு. அதற்குப் பிறகு சுகாதார அமைச்சு அதை இன்னும் பல இடங்களுக்கு விரித்தது. குடியிருப்பு ஒன்றில் வேண்டுமென்றே கொசு விடலாம் என்ற யோசனைக்கு ஆரம்பத்தில் எந்தக் கம்பெனி பணம் போடும், சொல்லுங்கள். விற்க அங்கே என்ன இருக்கிறது?

நிப்பா கதையும் அதேதான். 1998, 99-இல் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் நூற்றுக்கு மேல் ஆட்கள் இறந்து, பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளை அழித்தது உங்களுக்கு நினைவிருக்கும், உங்கள் பக்கம் கோப்பிக் கடையில் அப்போது அதைத்தானே பேசியிருப்பார்கள். அந்த வைரஸுக்குத் தடுப்பூசி செய்தால் வாங்க ஆள் கிடையாது, அதனால் கம்பெனிகள் திரும்பிப் பார்க்கவில்லை. 2017-இல் வெல்கம், கேட்ஸ் அறவாரியம், சில அரசாங்கங்கள் சேர்ந்து செப்பி என்ற கூட்டணியை ஆரம்பித்தபோது முதல் பட்டியலிலேயே நிப்பா இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் 2024 ஜனவரியில் மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்கத் தொடங்கிய நிப்பா தடுப்பூசி அந்தப் பணத்தில்தான்.


கேட்டுப்பார்ப்போம்:

எல்லாம் நல்ல கதைதான். ஆனால் 'சுதந்திரமான அறவாரியம்' என்று பெயர்ப்பலகை மாட்டினால் சுதந்திரம் வந்துவிடுமா? 2017-இல் புகையில்லா உலகத்துக்கான அறவாரியம் என்று ஒன்று தொடங்கினார்கள். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! பணம் பிலிப் மோரிஸ் சிகரெட் கம்பெனியுடையது, 12 வருடத்துக்கு ஒரு பில்லியன் டாலர் வரை தருவதாகப் பேச்சு. உலகச் சுகாதார நிறுவனம் இதோடு சேரமாட்டோம் என்று வெளிப்படையாகவே சொன்னது. அதற்கு ரொம்ப முன்னால், 1960-களில், அமெரிக்காவில் சர்க்கரை ஆராய்ச்சி அறவாரியம் என்று ஒன்று ஹார்வர்ட் ஆட்களுக்குப் பணம் கொடுத்து, இதய நோய்க்குக் காரணம் கொழுப்புதான் என்று காட்டுகிற மாதிரி ஒரு கட்டுரை எழுத வைத்தது. 1967-இல் பெரிய மருத்துவ இதழில் வந்தது. பணம் யார் கொடுத்தார்கள் என்று அதில் ஒரு வரி இல்லை. பழைய கடிதங்களைத் தோண்டியெடுத்து 2016-இல்தான் வெளியே சொன்னார்கள். அரை நூற்றாண்டு! இனிப்புநீர் வராத வீடு நம் ஆட்களில் எத்தனை இருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

ஆகவே பிறை அண்ணே, லாப நோக்கமில்லாதது என்று கேட்டதும் கையெடுத்துக் கும்பிட வேண்டாம். பணம் போட்டவன் இன்னும் மேசையில் உட்கார்ந்திருக்கிறானா என்று பாருங்கள். உட்கார்ந்திருந்தால், பெயர் என்னவாக இருந்தாலும் அது கம்பெனியின் விளம்பரப் பிரிவுதான்.


செந்தூல்_கணக்கு:

கணக்கர் என்ற முறையில் நான் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவில் பல வருடம் மானியக் கணக்குகளைப் பார்த்தவன், எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள்.

சரிபார்ப்பது சுலபம் அண்ணே. இங்கிலாந்தில் அறநிறுவனங்களைப் பதிவு செய்கிற சாரிட்டி கமிஷன் இணையத்தளத்துக்குப் போய் 210183 என்ற எண்ணைப் போட்டுப் பாருங்கள், வெல்கம் வரும். ஆண்டறிக்கை, தணிக்கை செய்த கணக்கு, அறங்காவலர்கள் யார் யார், எல்லாம் அங்கேயே இருக்கும். அமெரிக்க அறவாரியம் என்றால் 990-பிஎஃப் என்று ஒரு வரிப் படிவம், அதில் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதுவரை எழுதியிருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கே இன்னொன்றும் உண்டு, தனியார் அறவாரியம் தன் முதலீட்டில் வருடத்துக்கு 5 சதவீதம் அளவாவது அறச்செலவுக்கு எடுத்துவிட வேண்டும், பணத்தைப் பூட்டிவைத்துக்கொண்டு வரிச்சலுகையை மட்டும் அனுபவிக்கக்கூடாது என்பது சட்டம். நம் நாட்டில் யாயாசான் (அறவாரியம்) என்று பலகை மாட்டியிருப்பவை ஒரே சட்டத்தில் இல்லை. சில 1952-ஆம் ஆண்டு அறங்காவலர் சட்டத்தில், சில கம்பெனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாத வரம்புள்ள கம்பெனியாக இருக்கும். வருமான வரிச் சட்டம் 44(6) அங்கீகாரம் இருந்தால்தான் நன்கொடைக்கு வரிவிலக்கு. யாராவது நன்கொடை கேட்டு வந்தால் நான் முதலில் பார்ப்பது அந்த அங்கீகாரக் கடிதத்தைத்தான்.

இப்போது உங்கள் உண்மையான கவலைக்கு வருவோம். பணம் மகளின் கணக்குக்கு வராது. ஒப்பந்தமே அறவாரியத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும்தான். மகள் பெயர் அதில் தலைமை ஆய்வாளராக இருக்கும், சம்பளம் கொடுப்பது பல்கலைக்கழகம். ஒவ்வொரு செலவும் ஒரு தலைப்பின் கீழ் வரும்: சம்பளம், ரசாயனம், பயணம், கருவி. ஒரு தலைப்பில் மிச்சமாவதை இன்னொன்றுக்கு நினைத்தபடி மாற்ற முடியாது. பணம் இருந்தும் பொருள் வாங்க முடியாமல் ஆராய்ச்சி நிற்பது சாதாரணம்: மூன்று கடையில் குவோட்டேஷன், பிறகு கமிட்டி, பிறகு அந்தக் கமிட்டித் தலைவர் லீவு. குளிர்பெட்டியில் வைக்க வேண்டிய ரசாயனம் சுங்கத்தில் கிடந்து வீணானதைக் கணக்கில் எழுத நேர்ந்திருக்கிறது, அந்தப் பிள்ளை என் மேசைக்கு முன்னால் நின்று அழுதாள். லண்டன்காரன் ஏமாற்றுவானா என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். எனக்கு உள்ளூர் நடைமுறைதான் கவலை.

மேல்செலவு என்று ஒன்று இருக்கிறது, அதையும் கேட்கச் சொல்லுங்கள். மின்சாரம், கட்டடம், என்னைப் போன்ற கெரானிகளின் சம்பளம், இதற்கெல்லாம் பல்கலைக்கழகம் மானியத்திலிருந்து ஒரு பங்கு எடுக்கும். அறவாரியங்கள் இதில் கறார். கேட்ஸ் அறவாரியம் பல்கலைக்கழகங்களுக்கு 10 முதல் 15 சதவீதம் வரைதான் அனுமதிக்கும். எடுக்கிற பங்கு குறைவு என்றால் ஆய்வாளர் கைக்கு அதிகம் வரும், அதே நேரத்தில் நிர்வாகத்துக்கு அந்த மானியத்தின் மேல் ஆசை குறையும். இது வெளியே சொல்லாத உண்மை.

ஈபிஎஃப்: நியமனக் கடிதத்தில் 'சம்பளம்' என்று இருக்கிறதா, 'அலவன்ஸ்' என்று இருக்கிறதா, அதைப் பாருங்கள். ஊழியராக எடுத்தால் அவள் பங்கு 11 சதவீதம், முதலாளி பங்கு 12 அல்லது 13, சொக்சோ சமூகப் பாதுகாப்பும் உண்டு. உதவித்தொகை மாதிரி அலவன்ஸ் என்று எழுதிவிட்டால் ஒன்றும் கிடையாது. அறவாரியம் சம்பளத்தோடு முதலாளி பங்கையும் கேட்கலாம் என்று அனுமதித்தாலும், விண்ணப்பத்தில் அந்த வரியைப் போட மறந்தால் பிறகு யாரும் தரமாட்டார்கள். இது இப்போதே, பட்ஜெட் எழுதும்போதே செய்ய வேண்டிய வேலை.

கண்டுபிடிப்பின் உரிமை பொதுவாகப் பல்கலைக்கழகத்துக்கு. அதை வைத்து வியாபாரம் என்று வரும்போது அறவாரியத்துக்கும் சொல்ல வேண்டும், வருமானத்தில் பங்கு பற்றி நிபந்தனை இருக்கும். ஒப்பந்தத்தில் அந்தப் பகுதியைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம்.


தோட்டத்துப்_பிள்ளை:

உள்ளூரிலும் இருக்கிறதே, யாரும் சொல்லவில்லை. பிறை அண்ணே, நீங்கள் பென்ஃபேப்ரிக், பென்ஃபைபர் ஜவுளித் தொழிற்சாலைகளின் பெயர்களைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. அவற்றை நடத்துகிற ஜப்பானின் தோரே குழுமத்தின் பெயரில்தான் மலேசியா தோரே அறிவியல் அறவாரியம் 1993-இலிருந்து இருக்கிறது, இளம் ஆய்வாளர்களுக்கு மானியம் தருகிறார்கள், பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கும் பரிசு உண்டு. சுபாங் ஜெயாவில் கேன்சர் ரிசர்ச் மலேசியா இருக்கிறது, 2001-இல் காரிஃப் என்ற பெயரில் ஆரம்பித்தது, அவர்கள் பணம் கொடுப்பதோடு நில்லாமல் தாங்களே ஆய்வுக்கூடம் வைத்து நடத்துகிறவர்கள். ஆசியப் பெண்களின் மார்பகப் புற்றுநோய் மரபணு பற்றி மலாயாப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்கிற வேலை உலக அளவில் பேசப்படுகிறது. ஆனால் அவர்களிடம் வெல்கம் மாதிரி மலை போன்ற முதல் கிடையாது, சைம் டார்பி, பெட்ரோனாஸ் அறவாரியங்கள், பொதுமக்கள் என்று வருடா வருடம் திரட்ட வேண்டும்.

திரட்டுகிறவர்களை மட்டமாக நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 1938-இல் ரூஸ்வெல்ட் ஆரம்பித்த போலியோ அறவாரியம் மக்களிடம் பத்துக் காசு பத்துக் காசாக வாங்கித்தான் சால்க் தடுப்பூசிக்குப் பணம் கொடுத்தது. 1954-இல் 18 லட்சம் பிள்ளைகளை வைத்து நடந்த சோதனை அரசாங்கப் பணத்தில் நடந்தது அல்ல.


லேப்கோட்_கேஎல்:

@கேட்டுப்பார்ப்போம் நீங்கள் சொன்ன இரண்டு உதாரணமும் சரி, மறுக்கவில்லை. கொடுத்தவர் மேசையில் இருக்கிறாரா என்ற கேள்வி நல்ல கேள்வி. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கலாம், யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது யார்? வெல்கம் விண்ணப்பத்தை அவர்கள் அலுவலக ஆட்கள் மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை, வெளியே இருக்கிற துறை ஆட்கள் குழுவாக உட்கார்ந்து படிப்பார்கள். விண்ணப்பித்தவர் தன் மாணவர், தன்னோடு கட்டுரை எழுதியவர், தன் பல்கலைக்கழகத்துக்காரர் என்றால் அந்த விண்ணப்பம் பேசப்படும்போது குழு உறுப்பினர் எழுந்து வெளியே போக வேண்டும். வடிகட்டிய பிறகு நேர்காணல். ஆய்வுத் திட்டம், ஆளின் திறமை, வேலை செய்யப் போகிற இடத்தின் சூழல், இந்த மூன்றையும் பார்க்கிறார்கள். எத்தனை கட்டுரை, எந்தப் பெரிய இதழ் என்று எண்ணி மதிப்பெண் போடக்கூடாது என்பது அவர்கள் விதி. இது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நல்லது, ஏனென்றால் பெரிய இதழில் போட பெரிய பேராசிரியர் வேண்டியிருக்கிறது.

குழு வைத்தாலும் தவறு நடக்காது என்று இல்லை. நல்ல விண்ணப்பங்கள் நிறைய இருக்கும்போது எது மேல் எது கீழ் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, குழுவில் சத்தமாகப் பேசுகிறவர் ஜெயித்துவிடுவார். ஜெர்மனியில் ஃபோக்ஸ்வேகன் அறவாரியம், பெயர் அப்படி இருந்தாலும் கார் கம்பெனிக்குச் சொந்தமானது அல்ல, ஒரு திட்டத்தில் 2017-இலிருந்து குலுக்கல் முறையையே வைத்துப் பார்த்தது. தரம் இல்லாததை முதலில் எடுத்துவிட்டு, மீதியில் சிலவற்றைக் குழு தேர்ந்தெடுக்கும், சிலவற்றைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். நம் ஆட்கள் 4டி லாட்டரி எடுக்கிற மாதிரி என்று லேபில் சிரித்தோம், ஆனால் எனக்கு அது நேர்மையான வழியாகத்தான் தெரிகிறது.

அப்புறம் வெல்கம் பணத்தில் எழுதிய கட்டுரை வெளியான அன்றே உலகத்தில் யாரும் காசு கொடுக்காமல் படிக்க முடிய வேண்டும், 2021-இலிருந்து இது கட்டாயம். பணம் கொடுத்தது யார் என்ற வரியும் கட்டுரையில் இருந்தாக வேண்டும். சர்க்கரைக் கதை மாதிரி மறைப்பது இப்போது அவ்வளவு சுலபமில்லை.


கேட்டுப்பார்ப்போம்:

அது சரி. ஆனால் என் பிரச்சினை தீரவில்லை. மேசையில் கம்பெனிக்காரன் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். வேறு யார் இருக்கிறார்கள்? நம் ஆள் இருக்கிறாரா? அரசாங்கம் தப்பு செய்தால் அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசையாவது உண்டு. 37 பில்லியன் பவுண்டை வைத்திருக்கிற அறவாரியத்தை யார் தேர்தலில் தோற்கடிப்பது? யாரையும் நம்பி இல்லை என்பதும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதும் பக்கத்துப் பக்கத்து வீடு. வெல்கம் 2020-இல் இனி தொற்றுநோய், மனநலம், பருவநிலையும் சுகாதாரமும் என்ற மூன்று பிரச்சினைகளுக்கு முன்னுரிமை என்று அறிவித்தது. அடிப்படை ஆய்வுக்குத் தனியாகப் பணம் உண்டு, தெரியும். இருந்தாலும் அறிவிப்பு வந்த மறுநாளே பாதி உலகத்தின் ஆய்வாளர்கள் தங்கள் தலைப்பில் 'பருவநிலை' என்ற சொல்லை எங்கே சொருகலாம் என்று பார்த்திருப்பார்கள், இது மனித இயல்பு. தோட்டத்தில் பூச்சிமருந்து தெளிக்கிற பெண்களின் உடல்நிலையைப் பற்றி ஒரு பிள்ளை ஆய்வு செய்ய நினைத்தால் அது எந்தப் பெட்டிக்குள் வரும்?


தோட்டத்துப்_பிள்ளை:

நல்ல கேள்வி, எனக்கும் அதே ஆதங்கம் உண்டு. ஆனால் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். பாம்புக்கடி. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், செம்பனைக் குலை பொறுக்கப் போகும்போது அம்மா சொல்வது ஒன்றே ஒன்றுதான், பார்த்துக் கை வை. இதற்கு உலகத்தில் பணம் போட ஆள் இல்லாமல்தான் இருந்தது. கடிபடுகிறவன் ஏழை, மருந்தோ குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றி எடுக்கிற நூறு வருடப் பழைய முறை. உலகச் சுகாதார நிறுவனமே 2017-இல்தான் அதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2019-இல் வெல்கம் 80 மில்லியன் பவுண்டு ஒதுக்கியது. எந்தத் தேர்தலில் யார் பாம்புக்கடியைப் பற்றி வாக்குறுதி கொடுத்தார்கள்?


கேட்டுப்பார்ப்போம்:

பாம்புக்கடிக்கு வாயை மூடிக்கொள்கிறேன். பூச்சிமருந்துக்கு மூடவில்லை.


பிறை_அப்பா:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் வரும் என்று நினைக்கவில்லை. அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன், வந்தது. ஆண்டறிக்கையில் பாதி புரியவில்லை, ஆனால் ஆட்களின் பெயர் போட்டு, கணக்குப் போட்டு வைத்திருப்பதைப் பார்த்ததும் கொஞ்சம் நிம்மதி. பென்ஃபேப்ரிக் நன்றாகத் தெரியும் தம்பி, என் அண்ணன் மகன் அங்கேதான் இருந்தான், அவர்கள் அறிவியலுக்குப் பணம் கொடுப்பது இன்றைக்குத்தான் தெரியும்.

மகளிடம் இந்தப் பக்கத்தைக் காட்டினேன். மேல்செலவு பற்றி முன்பே கேட்டுவிட்டாளாம். சம்பளமா அலவன்ஸா என்று மட்டும் யாரும் தெளிவாகச் சொல்லவில்லையாம், 'கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்று அனுப்பிவிட்டார்கள். துறைத் தலைவரின் ஆதரவுக் கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை, அவர் வெளிநாடு போயிருக்கிறார். அவள் அமைதியாக இருக்கிறாள், எனக்குத்தான் கை நடுங்குகிறது.


செந்தூல்_கணக்கு:

'கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டாம் அண்ணே. கிடைத்த பிறகு பட்ஜெட்டைத் திறக்க முடியாது. நிதிப் பிரிவுக்கு மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். இன்னொன்று, வெல்கம் சொல்கிற கடைசி நாள் வேறு, பல்கலைக்கழகத்தின் ஆய்வு அலுவலகம் உள்ளே வைத்திருக்கிற கடைசி நாள் வேறு. அலுவலகம் அனுமதித்து அனுப்பினால்தான் விண்ணப்பம் போகும், அவர்கள் ஒரு வாரம் இரண்டு வாரம் முன்னாலேயே கேட்பார்கள். துறைத் தலைவரின் செயலாளரைப் பிடிக்கச் சொல்லுங்கள், தலைவர் எங்கே போனாலும் கையெழுத்து எங்கே கிடைக்கும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும்.


லேப்கோட்_கேஎல்:

நேர்காணல் வரை வந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள் அங்கிள். இங்கே எங்கள் லேபில் நாலு பேர் உட்கார்ந்து ஒத்திகை வைத்துவிடுவோம், கேள்வி கேட்டு உயிரை எடுப்பதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. கொசுவை ஏன் பினாங்கில் படிக்க வேண்டும், ஷா ஆலமில் செய்ததுதானே என்று முதலில் கேட்பார்கள், அதற்கு மட்டும் இப்போதே பதில் தயார் செய்து வைக்கட்டும்.